கீபோர்டை வைத்துக்கொண்டு ஃபோரே பாடலாமா?

கேள்வி: ஃபோரேயின் ‘கான்டிக் து ஜான் ராசின்’ பாடலாம் என்கிறார் எங்கள் கொயர் மாஸ்டர். எங்கள் சர்ச்சில் பைப் ஆர்கன் கிடையாது, கீபோர்டுதான். பிரெஞ்சும் தெரியாது. சரிவருமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகப் பாடுங்கள். 22 வருடமாகக் கொயரில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். எனக்கு இதைவிடப் பிடித்த பாட்டு கிடையாது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே இதற்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 19. பாரிஸில் சர்ச் இசைக்கலைஞர்களை உருவாக்கிய நீடர்மேயர் பள்ளியில் 9 வயதில் சேர்ந்தவர், 1865இல் படிப்பை முடிக்கும்போது இந்தப் பாட்டுக்கு முதல் பரிசு வாங்கினார். நான்கு குரலும் ஆர்கனும், அவ்வளவுதான்.

வரிகள் நாடகாசிரியர் ராசினுடையவை. விடியுமுன் பாடும் லத்தீன் ஞானப்பாட்டு ஒன்றை 17ஆம் நூற்றாண்டில் அவர் பிரெஞ்சில் ஆக்கினார். ‘அமைதியான இரவின் மௌனத்தைக் கலைக்கிறோம்’ என்று ஒரு வரி வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு தொடக்கத்தைக் கேளுங்கள். முதலில் ஆர்கன் மட்டும், ஒரு தாளத் தட்டுக்கு மூன்று ஸ்வரமாக ஓடும். அப்புறம் ஆண்களின் கீழ்க்குரலான பாஸ் மெதுவாக ஆரம்பிக்கும். பிறகு ஆண்களின் மேல்குரலான டெனர், ஆல்ட்டோ, கடைசியாகப் பெண்களின் மேல்குரலான ஸொப்ரானோ. அதிகாலையில் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து வருவதுபோல இருக்கும். ஆகவே யாரும் சத்தமாக நுழையக் கூடாது.

கீபோர்டில் பியானோ டோன் வேண்டாம். அடித்தவுடன் ஒலி தேய்ந்துவிடும். மென்மையான ஆர்கன் டோன் வையுங்கள். ரிதம் பட்டனைத் தொடவே கூடாது. ஆர்கனில் காலால் பிடிக்கும் கீழ் ஸ்வரத்தை இடது கை விடாமல் பிடித்திருக்கட்டும், குரல்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

வேகத்தையும் கவனியுங்கள். நாங்கள் முதல் தடவை பாடியபோது வாசித்தவர் பயந்து மிகவும் மெதுவாகப் போனார். ஸொப்ரானோக்களுக்கு மூச்சுப் போதாமல் வார்த்தைகள் நடுவில் அறுந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் மூச்செடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் இடத்தில் நீங்கள் எடுக்காதீர்கள்.

பிரெஞ்சைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி ‘வெர்-பே-கல் ஓ த்ரே ஓ’ என்று தொடங்கும். ‘வெர்ப்’, ‘ஏகல்’ என்ற முதல் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது பழக்கமா? போனில் மெதுவாக வாசிக்கச் சொல்லி ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள். உச்சரிப்புக்கு அதுபோல வேறெதுவும் உதவாது.

மூன்றாம் சரணத்தில் பழைய மெட்டு மெல்லத் திரும்பும். கூடிவந்திருக்கும் ஜனங்கள் உமது ஈவுகளால் நிறைந்து திரும்பட்டும் என்று அங்கே வேண்டுகிறோம். அதனால் இதை ஆராதனையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். திருவிருந்து முடிந்து, எல்லோரும் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு பாடுங்கள்.