ஆஸ்திரேலியக் கம்பளியும் எலிசபெத் பண்ணை வீடும்: கேள்வி பதில்

1788-லேயே ஆஸ்திரேலியாவில் கப்பலில் செம்மறி வந்து இறங்கிவிட்டதே சார், கம்பளித் தொழில் ஏன் உடனே தொடங்கவில்லை?

வந்தவை தென்னாப்பிரிக்கக் கேப் முனையின் வால் பருத்த ஆடுகள். கறிக்கு ஆகும், உடம்பில் இருந்தது கம்பளி அல்ல, முடி. 1794-ல் அங்கிருந்த படை அதிகாரி ஜான் மெக்கார்தர், கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் 60 வங்காள ஆடுகளை வாங்கி, அயர்லாந்துக் கிடாவோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளுக்கு முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. நம் பக்கத்து ஆட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு!

மென்மையான கம்பளி தரும் மெரினோ ஆடு எப்போது வந்தது?

1797-ல், கேப்பிலிருந்து. வாட்டர்ஹவுஸ், கென்ட் என்ற இரு கடற்படை அதிகாரிகள் கொண்டுவந்தார்கள். மெக்கார்தரைப் போலவே பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டனுக்கும் சில கிடைத்தன. மந்தையைத் தேற்றுவதில் சூட்சுமம் கிடாவில்தான். முடி வாகுள்ள ஒரு கிடா உள்ளே புகுந்தால், சாயம் ஏறாத முரட்டு இழை குட்டிகளுக்கு வந்துவிடும், விலை விழும்.

அப்படியானால் 'கம்பளித் தொழிலின் தந்தை' மெக்கார்தர்தானே?

பட்டம் அவருக்கு, பாடு மனைவி எலிசபெத்துக்கு. துப்பாக்கிச் சண்டையில் மேலதிகாரியைக் காயப்படுத்தி 1801-ல் இங்கிலாந்து போன மெக்கார்தர் 1805-ல் திரும்பினார். மறுபடி 1809 முதல் 1817 வரை ஊரில் இல்லை. அந்த ஆண்டுகளில் மந்தை, மேய்ப்பர், கணக்கு எல்லாம் அந்த அம்மாள் கையில். 1805-ல் கிடைத்த 5,000 ஏக்கர் மேய்ச்சல் நிலம் தராவல் பழங்குடி மக்களின் மண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருப்பூரிலிருந்து கேட்கிறேன். இங்கிலாந்துக்கு மாதக்கணக்கில் கடலில் போன கம்பளிப் பொதி கெடாதா?

ஈரமில்லாமல் கட்டினால் கெடாது. கத்தரிக்கும் முன் ஆட்டை ஆற்றில் இறக்கிக் கழுவுவார்கள். அழுக்கும் பிசுக்கும் போனால் எடை குறையும், கப்பல் கூலி மிச்சம். பிறகு சில நாள் சுத்தமான புல்தரையில் விட்டு உலர்த்துவார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அமுக்கினால் பொதி உள்ளே சூடேறிப் பழுக்கும். கத்தரி ஒரே வெட்டில் தோலை ஒட்டிப் போக வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை வெட்டினால் துண்டு இழை, நூற்க உதவாது.

மெக்கார்தர் குடும்பத்தின் எலிசபெத் பண்ணை வீடு இன்னும் இருக்கிறதா அண்ணா?

சிட்னிக்கு மேற்கே பாரமட்டாவில் இருக்கிறது. 1793-ல் கட்டிய செங்கல் வீடு: 68 அடி நீளம், 18 அடி அகலம், மாடி கிடையாது, நான்கு அறை. தாழ்வாரம் பிற்காலத்தில் சேர்ந்தது. இப்போது அருங்காட்சியகம். கயிறு கட்டித் தடுக்கவில்லை, நாற்காலியில் உட்காரலாம்.