அப்பா போய்விட்டார், துப்பாக்கி பீரோவில் இருக்கிறது

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கித் தருகிறேன். அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. கரும்புத் தோட்டக் காவலுக்கென்று அவர் வாங்கிய பன்னிரண்டு போர் (குழலின் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பீரோவில் இருக்கிறது, லைசென்ஸ் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. "லைசென்ஸ் செல்லும்போது வீட்டில் வைத்திருப்பது தப்பா? என் பெயருக்கு மாற்றித் தர ஒருவர் 60 ஆயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா? அதுவரை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டில் வைக்கலாமா? தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று சுவரில் தொங்குகிறது, அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா? பழைய துப்பாக்கிகள் சேர்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை, உப்புக்காற்றில் எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: லைசென்ஸ் துப்பாக்கிக்குக் கொடுத்ததல்ல, உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது. அவர் போனதோடு அதுவும் போயிற்று. புத்தகத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் சரி, அப்பாவின் டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு நீங்கள் வண்டி ஓட்ட முடியாதல்லவா, அதே கணக்குதான். இன்றைய நிலையில் அந்தத் துப்பாக்கி உங்கள் கையில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 1959-இன் 25-ஆம் பிரிவை 2019-இல் திருத்தியபிறகு இதற்கான தண்டனை இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தானாகக் கொண்டுபோய் ஒப்படைத்த வாரிசு மீது வழக்குப் போட்டதை என் இருபது வருட வக்கீல் தொழிலில் நான் பார்த்ததில்லை. பீரோவிலேயே வைத்திருந்து, பங்காளிச் சண்டையில் யாரோ போட்ட மொட்டைக் கடிதத்தால் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் முடிந்தாலும், தேவையில்லாமல் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, டெபாசிட் வாங்க அனுமதி உள்ள துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதம் ஏற்கெனவே அதிகம், நாளைக்கே செய்யுங்கள். ஸ்டேஷனுக்கு முதலில் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார், அவர் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், நான் கொண்டுவரவா, நீங்கள் ஆள் அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். துப்பாக்கியை மடக்கித் திறந்து இரண்டு குழலும் காலி என்று பார்க்கத் தெரிந்தால் பாருங்கள், தெரியாவிட்டால் தொடவே வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்டாக்களையும் சேர்த்துத் தேடுங்கள். பீரோ, பரண், பூஜை அறை அலமாரி என்று பெரியவர்கள் ஆளுக்கொரு இடத்தில் வைத்திருப்பார்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு பத்துத் தோட்டாவை வீட்டில் மறந்தாலும் அது தனிக் குற்றம்.

ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். தயாரித்த கம்பெனி பெயர், நம்பர், மரக்கட்டையில் இருக்கும் கீறல் வரைக்கும் தெரிய வேண்டும். ரசீதில் அந்த நம்பரும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். "அப்புறம் வந்து வாங்கிக்கங்க" என்றால் வாங்காமல் நகராதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், நல்ல வெளிநாட்டு ரெட்டைக்குழலை ஒரு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் கழித்து வாங்கப் போனார்கள். கட்டை விரிந்து, குழல் உள்ளே துருப்பிடித்து, அடையாளமே தெரியாமல் வந்தது. கையில் ஒரு போட்டோகூட இல்லை, யாரைப் போய்க் கேட்பது? அதனால் என் ஆலோசனை டீலர்தான். மாதம் ஏதோ கட்டணம் ஆகும், ஆனால் உலர்ந்த இடத்தில் இருக்கும், எண்ணெய் போடுவார்கள். ரசீது நகலை மட்டும் ஒரு கடிதத்தோடு ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இந்த டெபாசிட் விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. தேர்தல் வந்தால் யார் யாருடைய ஆயுதத்தை வாங்கி வைக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பார்த்து முடிவுசெய்ய மாவட்டத்தில் ஸ்கிரீனிங் கமிட்டி இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் மாட்டியவர், இவர்களைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். நடப்பது என்ன? எண்பது வயது பெரியவருக்கும் போன் வருகிறது, "நாளைக்குள்ள கொண்டாந்து குடுங்க". மூன்று தேர்தல் இப்படி ஸ்டேஷன் மூலையில் கிடந்தால் எந்தத் துப்பாக்கி தாங்கும்?

சரி, இப்போது அந்த 60 ஆயிரம். கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "பெயர் மாற்றம்" என்று ஒன்று துப்பாக்கி லைசென்ஸில் கிடையவே கிடையாது. நீங்கள் உங்கள் பெயரில் புதிதாக லைசென்ஸ் வாங்க வேண்டும், வாங்கியபின் அந்தத் துப்பாக்கி அதில் பதிவாகும். இதற்கு ஆயுத விதிகள் 2016-இல் 25-ஆம் விதி என்று வாரிசுகளுக்காகவே ஒரு விதி இருக்கிறது. இறந்தவரின் வாரிசுக்கு அதன்படி லைசென்ஸ் கொடுக்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆனாலோ இருபத்தைந்து வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ வாரிசு ஒருவருக்குக் கொடுத்திருக்கவும் வழி இருந்தது. உங்கள் வீட்டில் அது கடந்துபோயிற்று, இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள்.

இந்த விதியின் பெரிய நன்மை, உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சாதாரணமாக லைசென்ஸ் கேட்பவரிடம் முதலில் கேட்பதே அதுதான். வாரிசுக்குத் தகுதி இருந்து, போலீஸ் அறிக்கையில் பாதகமாக ஒன்றும் இல்லையென்றால் போதும். புரோக்கர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். "எதிரிகள் மிரட்டுகிறார்கள்" என்று ஒரு கதையை அவர்களே டைப் அடித்து உங்கள் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள். போலீஸ் விசாரிக்க வரும்போது எந்த எதிரி என்று கேட்டால் முழிப்பீர்கள். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸைப் பிற்பாடு ரத்து செய்யச் சட்டத்தில் நேரடியாக இடம் இருக்கிறது.

இன்னொரு வகைப் புரோக்கர் இன்னும் ஆபத்தானவர். "கடலூரில் அலைய வேண்டாம் சார், வடக்கே ஒரு மாநிலத்தில் ஆல் இந்தியா லைசென்ஸே வாங்கித் தருகிறேன், நீங்கள் வரக்கூட வேண்டாம்" என்பார். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. எடுத்த வழக்கு நாடே அறிந்தது. அந்தப் புத்தகம் அசல் முத்திரையோடு, அசல் கையெழுத்தோடு இருக்கும். ஆனால் நீங்கள் அந்த ஊரில் குடியிருந்ததே இல்லை என்ற ஒரு விஷயத்தில் எல்லாம் விழுந்துவிடும். யார் எதைக் காட்டினாலும் யு.ஐ.என். நம்பர், அதாவது லைசென்ஸின் தனி அடையாள எண், கேளுங்கள். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு லைசென்ஸுக்கும் அந்த நம்பர் இருக்க வேண்டும், இல்லாத லைசென்ஸ் செல்லாது. உங்கள் அப்பாவின் புத்தகத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனுவிலேயே அதை மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களுக்கு வேண்டியது இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும் கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று, அப்பாவின் லைசென்ஸ், டெபாசிட் ரசீது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். மனு கலெக்டருக்கு. போலீஸ் அறிக்கை வரவில்லை, வரவில்லை என்று மாதக்கணக்கில் சொல்வார்கள். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்குக் காத்திருக்காமல் உத்தரவு போடலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அப்படி ஒரு உத்தரவைத்தான் நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டே இருங்கள், எல்லாவற்றுக்கும் ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. "உனக்குச் சொத்து போதாது" என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மறுக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றால், விற்பதற்கென்று குறுகிய கால அனுமதி கேட்டு டீலருக்கோ லைசென்ஸ் உள்ளவருக்கோ கொடுத்துவிடலாம்.

தங்கை வீடு வேண்டவே வேண்டாம். அவருக்கும் லைசென்ஸ் இல்லை. காய்கறி வாங்கப் போவதுபோல நாம் கன்னியக்கோயில் தாண்டிப் போய் வந்தாலும், முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது, செக்போஸ்ட் இருக்கிறது, புதுச்சேரிக்கு லைசென்ஸ் அதிகாரியும் வேறு.

சுவரில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கிக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்களே குறைவு. "நூறு வருஷப் பழசு, ஆன்டிக், லைசென்ஸ் வேண்டாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதில் வயது ஒரு பாதிதான். வழக்கொழிந்த வகையாகவோ, பழம்பொருள் மதிப்பு உள்ளதாகவோ, பழுதானதாகவோ இருக்க வேண்டும், அதோடு பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருக்க வேண்டும். "பழுதுபார்த்தாலும்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. உங்கள் தாத்தா துப்பாக்கியின் குதிரை (கேப்பைத் தட்டும் சுத்தி) உடைந்திருக்கிறது, கேப்பு வைக்கும் இடம் துருவேறி அடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கொல்லுப்பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் குதிரை செய்து, துளையைக் குத்தி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் அது பழுதுபார்த்தால் சுடும் துப்பாக்கி, விலக்கு கிடையாது. குழல் நீளவாக்கில் வெடித்துப் பிளந்தோ, நிரந்தரமாக அடைத்து வெல்டு வைத்தோ இருந்தால் அது வேறு. வெடித்த குழலுக்குப் பதில் வேறு குழல் மாட்டலாமே என்று அவர்கள் கேட்டால்? கேட்பார்கள், அதனால்தான் இதை நீங்களும் நானும் முடிவுசெய்யக்கூடாது என்கிறேன். அதையும் ரெட்டைக்குழலோடு சேர்த்து ஒப்படையுங்கள், போலீஸ் ஆர்மரர் (ஆயுதங்களைக் கவனிக்கும் போலீஸ்காரர்) சோதித்துச் சுட முடியாதது என்று எழுத்தில் கொடுத்தால் மறுபடி சுவரில் மாட்டுங்கள். அந்தக் காகிதத்தையும் கண்ணாடி போட்டுப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

சேகரிப்பு ஆசைக்கு ஒரு எல்லை உண்டு: ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். முன்பு மூன்று இருந்தது, 2019 திருத்தத்தில் குறைத்துவிட்டார்கள், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். போட்டிகளில் சுடுபவர்களுக்குத் தனிக் கணக்கு, அது உங்களுக்குப் பொருந்தாது.

பராமரிப்பு: தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் போதும், துணியில் ஒற்றித் தடவினால் போதும். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைப்பதுதான் நம் ஊரில் பெரிய தப்பு. கடல் காற்றின் ஈரத்தை உறை குடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக்கிடக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள், வியர்வைக் கையால் தொட்ட இடத்தில் மறுநாளே துரு பூக்கும். லைசென்ஸ் கிடைத்துத் துப்பாக்கி கைக்கு வந்ததும் உடனே சுட்டுப் பார்க்காதீர்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் தோட்டா. பொருந்துவதுபோல உள்ளே போய்விடும், வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடம் இல்லாமல் குழலில் அழுத்தம் ஏறும். டீலரிடம் இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் அறையை அளந்து, குழலின் உட்புறத்தையும் பார்த்து, எந்த அளவுத் தோட்டா என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.