லர்ச்சர் நாய்: எந்த உயரம், எந்தக் கலப்பு?

கேள்வி: இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் கோதுமையும் சர்க்கரை பீட்டும் பயிரிடும் பண்ணையை நிர்வகிக்கிறேன். வேலியோரக் கோதுமையை முயல்கள் தின்று தீர்க்கின்றன. சலூகி, கிரேஹவுண்ட் என்னும் இரு வேக நாயினங்களின் கலப்பில் பிறந்த குட்டி ஒன்று, லர்ச்சர் என்ற வேட்டைக் கலப்பு நாயாக விலைக்கு வருகிறது. வளர்ந்தால் 28 அங்குல உயரம் வரும், திறந்தவெளியில் பெரிய முயலைத் துரத்த இதைவிடச் சிறந்த நாய் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தக் குட்டியிடம் குறை எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. அது எந்த வேலைக்காகக் கலந்து பிறப்பிக்கப்பட்டதோ, அந்த வேலைக்கு உங்கள் நிலத்தில் இடமில்லை. 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் இருக்கிறது. வெட்டவெளியில் வாழும் பழுப்பு முயலை நாய்விட்டுத் துரத்துவது அதன்படி குற்றம்; நிலத்துக்காரரே அனுமதி கொடுத்தாலும் குற்றம்தான். பிறர் வயலில் அத்துமீறி நுழைந்து இதைச் செய்வோருக்கு வரம்பில்லா அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நாய் வளர்க்கவே தடை விதிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. விளைந்த பயிருக்குள் வண்டியை ஓட்டி நாசம் செய்யும் அந்தக் கூட்டத்தாரால் உங்கள் மாவட்டத்து உழவர்கள் பட்ட பாட்டை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

உங்கள் வேலியோரப் பயிர் பெரும்பாலும் வளை தோண்டி வாழும் சிறு முயல்களால்தான் அழிகிறது என்று கருதுகிறேன். வேலியை ஒட்டிப் பட்டையாகப் பயிர் மொட்டையாவதும், அருகே வளைகளும் புழுக்கைக் குவியல்களும் தென்படுவதும் அவற்றின் அடையாளம். பழுப்பு முயல் வளை தோண்டாது. வயல் நடுவே பள்ளமான படுக்கையில் கிடந்து அங்கங்கே மேயும். வளை முயலை நில உரிமையாளரின் அனுமதியோடு நாய்விட்டுப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் மேலாக, தம் நிலத்தில் வளை முயல் பெருகாமல் பார்த்துக்கொள்வதை 1954ஆம் ஆண்டின் பயிரழிக்கும் உயிரினங்கள் தொடர்பான சட்டம் உழவரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. எனவே உங்களுக்கு வேண்டியது வளை முயலுக்கான நாய். அதன் உயரமும் கலப்பும் வேறு.

லர்ச்சர் என்பது தனி இனம் அன்று. கண்ணால் கண்டு துரத்தும் வேக நாயை, மேய்ச்சல் நாயோடோ, வளைக்குள்ளும் புதருக்குள்ளும் புகும் டெரியர் என்ற சிறு வேட்டை நாயோடோ சேர்த்துப் பெறும் கலப்பு அது. உங்களுக்குச் சொல்லப்பட்ட குட்டியின் பெற்றோர் இருவருமே வேக நாய்கள் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் அதை லர்ச்சர் என்றுகூடச் சொல்லாமல் லாங்டாக் என்பார்கள். நம் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சலூகியின் மெலிந்த உடலும் நீண்ட காலும் புதியவை அல்ல. பழுப்பு முயல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஒளிய வளை இல்லாததால் வளைந்தும் திரும்பியும் நெடுந்தூரம் ஓடும். அதைத் தொடர்வதற்காகவே கிரேஹவுண்டின் வேகத்தோடு சலூகியின் தாங்குதிறனைச் சேர்த்து, 26 முதல் 28 அங்குலம் வரை உயரமான நாயை உருவாக்கினார்கள்.

வளை முயலின் ஓட்டமோ பெரும்பாலும் சில பத்து மீட்டரில், வளையின் வாயில் முடிந்துவிடும். அங்கே உச்ச வேகம் பயன்படாது. நின்ற இடத்திலிருந்து பாயும் விரைவும், வேலிக்கு முன் சட்டென்று திரும்பும் திறமும்தான் பயன்படும். நெடிய நாய் வேகம் எடுப்பதற்குள் முயல் மறைந்திருக்கும். அது மட்டுமன்று, கனத்த உடல் முழு வேகத்தில் திரும்பும்போது சுமை முழுவதும் முன்கால் விரல்களிலும் மணிக்கட்டிலும் இறங்குவதால், கல் நிறைந்த உழவு நிலத்தில் விரல் பிசகுவதும், முள்கம்பியில் மோதி மெல்லிய தோல் கிழிவதும் அத்தகைய நாய்களுக்கு எளிதில் நேர்கின்றன. நாய் அந்த வேதனையோடு வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பதைத் தேர்வின்போதே தவிர்க்கலாம் என்பதால்தான் உயரத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பகலில் ஃபெரட் என்ற, கீரி போன்ற சிறிய வளர்ப்பு விலங்கை வளைக்குள் விட்டு, வெளியே பாயும் முயலை நாய் பிடிப்பதுதான் உங்கள் முறையென்றால், விப்பெட் என்ற சிறிய வேக நாயும் பெட்லிங்டன் டெரியரும் கலந்த, 20 அல்லது 21 அங்குல நாயே போதும். விப்பெட் பாய்ச்சலைத் தரும். பெட்லிங்டன் மோப்பத்தையும், முட்புதருக்குள் நுழையும் துணிவையும், குளிரைத் தாங்கும் ரோமத்தையும் தரும். இரவில் விளக்கொளியில் அகன்ற வயல்களில் பிடிப்பதானால் 23 அல்லது 24 அங்குலம் வரை போகலாம். அதற்கு முக்கால் பங்கு கிரேஹவுண்டும் கால் பங்கு பார்டர் கோலி என்ற மேய்ச்சல் நாயும் கொண்ட கலப்பு ஏற்றது. பாதிக்குப் பாதி கோலி கலந்த நாய் அறிவில் மிஞ்சினாலும் வேகத்தில் பின்தங்கும். உங்கள் நிலத்துக்கு எதை எடுப்பேன் என்று கேட்டால், கோலி கலந்ததையே எடுப்பேன். வழியில் பழுப்பு முயல் எழுந்தாலும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் நாய்தான் உங்களுக்குத் தேவை. துரத்தத் தொடங்கிவிட்ட சலூகியைத் திருப்பி அழைப்பது மிகக் கடினம். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் ஆடு மேய்கிறதென்றால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் கால்நடையை விரட்டும் நாயின் உரிமையாளர் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவார். குட்டிப் பருவத்திலேயே கயிற்றில் பிடித்து ஆட்டு மந்தையின் அருகே நடத்திப் பழக்குங்கள்.

குட்டியை வளர்த்தவர் வீட்டிலேயே தாயோடு சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் தந்தையையும் பாருங்கள். குட்டியின் காலளவை வைத்து உயரத்தைக் கணிப்பதைவிடப் பெற்றோரின் தோள் உயரத்தை அளப்பது நம்பகமானது. ஓராண்டு நிறைவதற்குள் கடும் ஓட்டத்தில் விட்டுவிடாதீர்கள். எலும்பின் வளர்முனைகள் அதுவரை முற்றியிருக்காது.

கோலி இரத்தம் உள்ள குட்டியை எடுத்தால், வேலையில் இறக்குமுன் கால்நடை மருத்துவரிடம் எம்டிஆர்1 மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் ஒற்றியெடுக்கும் மாதிரியே அதற்குப் போதும். அந்த மரபணுக் குறை உள்ள நாயின் மூளைக்குள் ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து புகுந்து நஞ்சாகிவிடும். ஆடு, குதிரைகளுக்குக் கொடுக்கும் அம்மருந்தின் மிச்சத்தை நக்கினாலோ, மருந்து கொடுத்த கால்நடையின் சாணத்தைத் தின்றாலோகூட அத்தகைய நாய் தள்ளாடி விழக்கூடும். ஆகவே சோதனை முடிவு வரும் வரை அந்த மருந்துகளை நாய்க்கு எட்டாத அறையில் பூட்டி வையுங்கள். மருந்து கொடுத்த கால்நடைகள் நிற்கும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.