பினோக்கியோ: புத்தகத்தில் பசி, படத்தில் துக்கம்

கேள்வி: இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோ 2022இல் எடுத்த பினோக்கியோ படம், மூல நாவலிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது? பிள்ளைகளுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

உயிர்பெற்ற மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ என்றால் நம்மில் பலருக்கு 1940இல் வந்த டிஸ்னி கார்ட்டூன்தான். ஆபத்தான திமிங்கிலம், தொப்பி வைத்த சில்வண்டு எல்லாம் அங்கிருந்து மனதில் ஒட்டிக்கொண்டவை. இத்தாலிக்காரர் கார்லோ கொலோதி எழுதிய மூல நாவலில் சில்வண்டுக்குப் பெயரே கிடையாது. நாலாவது அத்தியாயத்தில் புத்தி சொல்ல வருகிறது, பினோக்கியோ சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். பிற்பாடு ஆவியாக வரும். விழுங்குவதும் திமிங்கிலமில்லை, ராட்சதச் சுறா. டெல் டோரோவை ஒப்பிடுவதற்கு முன்னால் டிஸ்னியை ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

நான் இந்தக் கதையை மதுரையில் என் அக்கா மகளுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் முழுசாக உள்வாங்கினேன். (காப்புரிமை முடிந்துபோன நூல், ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.) அப்படிச் சொல்லும்போது தெரிந்தது, நாவல் முழுக்க ஓடுவது பசி. பினோக்கியோவைச் செதுக்கிய ஏழைக் கிழவர் ஜெப்பெட்டோ வீட்டுச் சுவரில் அடுப்பு, எரிகிற நெருப்பு, ஆவி பறக்கும் பானை எல்லாம் இருக்கின்றன, ஆனால் எல்லாமே வரைந்த படம். பசியோடு பானையைத் திறக்கப் போன பையனுக்குச் சுவர்தான் கையில் தட்டுப்படுகிறது. குப்பையில் ஒரு முட்டை கிடைக்கிறது. உடைத்தால் குஞ்சு நன்றி சொல்லிவிட்டுப் பறந்துபோகிறது. ஊருக்குள் போய்ப் பிச்சை கேட்டால் ஒரு கிழவர் மாடியிலிருந்து தலையில் தண்ணீரைக் கொட்டுகிறார்.

கடைசியில் ஜெப்பெட்டோ தன் காலை உணவுக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைக் கொடுக்கிறார். துரைக்குத் தோல் சீவித் தர வேண்டுமாம். சீவித் தருகிறார், ஆனால் தோலை எறியாமல் மேசை ஓரத்தில் எடுத்து வைக்கிறார். பழம் தீர்ந்தும் பசி அடங்கவில்லை. தோலும் போகிறது, நடுக்கட்டையும் போகிறது. ‘விதையையுமா மாமா தின்னான்?’ என்று அவள் கேட்க, ‘உன்னையும் ஒருநாள் பட்டினி போட்டாத்தான் குழம்புல கிடக்குற கத்திரிக்காய ஒதுக்காமத் திம்ப’ என்று அடுப்படியிலிருந்து அவளுடைய அம்மாச்சி குரல் கொடுத்தார். கொலோதி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நாவலின் நியாயமும் அதேதான்: பெரியவர் சொல் கேள், பள்ளிக்கூடம் போ, உழைத்துச் சாப்பிடு, இல்லையென்றால் படுவாய்.

டெல் டோரோ இந்த இடத்தில்தான் கதையைத் தலைகீழாகப் புரட்டுகிறார். படம் நடப்பது சர்வாதிகாரி முசோலினியின் இத்தாலியில். நாவலில் ஜெப்பெட்டோவுக்குப் பிள்ளை கிடையாது. ஊர் ஊராக ஆட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பொம்மை செய்கிறார், அவ்வளவுதான். படத்தில் அவருக்கு கார்லோ என்று ஒரு மகன் இருந்தான். முதல் உலகப்போரில் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்து இறந்துபோனான். அவன் கல்லறையருகே வளர்ந்த பைன் மரத்தைக் குடிபோதையில் வெட்டிச் சாய்த்து, ஒரே ராத்திரியில் செதுக்குகிறார். அதனால்தான் இந்தப் பினோக்கியோவுக்கு ஒரு காது இல்லை, முதுகில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அரைகுறை மேனியைப் பார்த்ததும் முதலில் ஒரு மாதிரி இருக்கும். எனக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது, அப்புறம் அதுதான் அழகாகவே பட்டது. கம்ப்யூட்டரில் வரைந்த படமும் இல்லை. நிஜப் பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்திப் படம் பிடித்தது. மார்க் கஸ்டஃப்சன் இணை இயக்குநர். ஆஸ்கரும் கிடைத்தது.

கீழ்ப்படிதலைப் பற்றிய பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நாவலில் படிக்காத பிள்ளைகள் விளையாட்டு தேசத்துக்குப் போய்க் கழுதையாகிறார்கள். கூடப் போன நண்பன் கழுதையாகவே உழைத்து, பினோக்கியோவின் கண் முன்னால் சாகிறான். படத்தில் விளையாட்டு தேசமும் இல்லை, கழுதையும் இல்லை. அந்த இடத்தில் சிறுவர்களைச் சிப்பாயாக்கும் பயிற்சி முகாம் வருகிறது. சொன்னதைச் செய்கிற பிள்ளைதான் இங்கே ஆபத்தில் இருக்கிறான். ஊர் அதிகாரிக்குப் பினோக்கியோ மேல் ஒரு கண். இவன் செத்தாலும் திரும்பி வருகிறானே, இதைவிட நல்ல சிப்பாய் உண்டா? முசோலினியை நேருக்கு நேராகவே கிண்டல் செய்து பினோக்கியோ ஆடிப்பாடுகிற காட்சிக்கு எங்கள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாவு நாவலிலும் உண்டு. சிறுவர் பத்திரிகையில் 1881இல் தொடராக வந்தபோது, பதினைந்தாவது அத்தியாயத்தில் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் கொலோதி. வாசகர்கள் விடவில்லை, மறுபடி எழுத ஆரம்பித்து 1883இல் முப்பத்தாறு அத்தியாயங்களோடு முடித்தார். நீலமுடித் தேவதை காப்பாற்றியதெல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். படத்தில் தேவதைக்குப் பதில் இரண்டு சகோதரிகள்: ஒருத்தி உயிர் கொடுக்கிறவள், இன்னொருத்தி மரணம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் மணல்கடிகாரம் தீரும்வரை அவன் மரணத்திடம் காத்திருக்க வேண்டும், முறைக்கு முறை காத்திருப்பு நீளும்.

முடிவு? நாவலில் உழைத்து, திருந்தி, நிஜப் பையனாகிறான். பழைய மரப்பொம்மை நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது. படத்தில் கடைசிவரை மரம்தான். மாற வேண்டியவர் ஜெப்பெட்டோ. செத்த மகனைப்போல இவன் இல்லையே என்ற ஏக்கத்தை விட்டுவிட்டு, இவனை இவனாகவே ஏற்றுக்கொள்கிறார். எனக்கு இந்த முடிவுதான் பிடித்தது. ஆனால் குறையும் உண்டு. துக்கத்துக்கு இடம் கொடுத்ததில் நாவலின் குறும்பும் பசியும் மெலிந்துவிட்டன. நாவலில் பினோக்கியோவை ஏமாற்றுகிற நரியையும் பொம்மலாட்ட முதலாளியையும் படத்தில் ஒரே வில்லனாக்கியதும் எனக்கு ஒப்பவில்லை. கொலோதியின் முதலாளிக்கு இரக்கம் வந்தால் அழுகைக்குப் பதில் தும்மல் வரும், அந்த ஆள் காணாமலே போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு என்றால் புத்தகத்தைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். குண்டு விழுவதும் சவப்பெட்டிக் காட்சிகளும் இருப்பதால் பத்து வயதாவது ஆகட்டும் என்பேன், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து. நாவலை அப்படியே திரையில் பார்க்க ஆசை என்றால் மத்தேயோ காரோனேயின் 2019 இத்தாலியப் படத்தைத் தேடுங்கள். அதில் கழுதையும் உண்டு, அந்தத் தூக்குமரமும் உண்டு.