உங்கள் தாத்தாவின் ஊர் நெல்லைப் பக்கம் இல்லை

பத்திரத்தில் "தாமிரபரணிக் கரை, விளவங்கோடு தாலுகா, 1105" என்று இருப்பதாகவும், அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தேடியும் ஊர் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேடுங்கள். அங்கும் ஒரு தாமிரபரணி உண்டு. குழித்துறை ஆறு என்றும் சொல்வார்கள். பேச்சிப்பாறை வழி வரும் கோதையாறும் பெருஞ்சாணி வழி வரும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தாண்டி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கின்றன.

1105 என்பது கொல்லம் ஆண்டு, அதாவது 1929-30. அப்போது அது திருவிதாங்கூர். 1956-ல்தான் நம்மோடு இணைந்தது.

ஊரைப் பிடிப்பதுதான் சிரமம். நெல்லைப் பக்கம்போல் தெருத்தெருவாகக் கூடிய வீடுகள் அங்கே குறைவு. தென்னை, வாழை, ரப்பர் நடுவே வீட்டுக்கு வீடு தனித்தனி விளை, அதாவது தோட்டம். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஆகவே பத்திரத்தில் 'விளை', 'விளாகம்' என முடியும் பெயர் ஊராக இல்லாமல் அந்தத் தோட்டத்தின் பெயராகவே இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு வரைபடத்தில் அலையாதீர்கள். 'பகுதி' என்று முடியும் பெயரைத் தேடுங்கள். திருவிதாங்கூரில் வருவாய்க் கிராமத்தை அப்படித்தான் குறித்தார்கள். பத்திரத்தில் நிலத்தின் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் நான்கெல்லையில் ஆறு எந்தத் திசையில் வருகிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள், எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.