மரக் கொட்டகை: வாசகர் கேள்விகள்

பலகைச் சுவர் வைத்த மரக் கொட்டகை போட எவ்வளவு ஆகும்? (கானாடுகாத்தான்)

நீளம், அகலம் எழுதவில்லை. மாடு கட்டவா, வைக்கோல் அடைக்கவா, அதுவும் இல்லை. எந்த ஆசாரி விலை சொல்வார்? ஒரு மாட்டுக்கு 40 சதுர அடி என்று கணக்குப் போட்டு, மறுபடி எழுதுங்கள்.

வேம்பு தூணுக்கு ஆகுமா? (தேவகோட்டை)

வைரம் பாய்ந்திருந்தால் ஆகும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளி வெள்ளை மரத்தைச் செதுக்கித் தள்ளுங்கள். கரையான் முதலில் அங்கேதான் ஏறும்.

தூண்களை இரண்டடிக் குழியில் இறக்கி கான்கிரீட் போட்டால் அசையாது என்கிறார் கொத்தனார். செய்யலாமா? (பள்ளத்தூர்)

செய்யாதீர்கள். எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவர் இதையே கேட்கிறீர்கள். மரம் காயக் காயச் சுருங்கும், கான்கிரீட் கூடவே சுருங்காது. நடுவில் நூலளவு சந்து விழும். ஐப்பசி மழை தூண் வழியே வழிந்து அந்தச் சந்தில் இறங்கினால் வெளியேற வழியில்லை. மேலே பார்த்தால் தூண் ஜோராக நிற்கும். தரைமட்டத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். கரையானும் அந்தச் சந்து வழியாகவே கண்ணில் படாமல் ஏறிவிடும்.

நம் செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், பர்மா தேக்குத் தூண் எதன் மேல் நிற்கிறது? கல்லின் மேல். உங்கள் தூணையும் தரைக்கு ஒரு அடி மேலே கல்லில் நிறுத்துங்கள். காற்றுக்குப் பயமென்றால், 2018 கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பயம் நியாயம்தான், அஸ்திவாரத்திலிருந்து இரும்புப் பட்டை எடுத்துத் தூணோடு போல்ட் போடுங்கள். தூணும் உத்திரமும் சேரும் மூலைகளில் சாய்சட்டம் கொடுங்கள். கொட்டகை ஒருபக்கமாகச் சாயாமல் பிடிப்பது அந்தச் சட்டம்தான்.

கூரைக்கு ஓடா, தகரமா? (கண்டனூர்)

மாட்டுக்கு ஓடு. வாட்டம் 30 டிகிரிக்குக் குறைய வேண்டாம்.

ஆறே மாதத்தில் பலகைச் சுவர் பிளந்துவிட்டது. ஆசாரி ஏமாற்றிவிட்டாரா? (கோனாபட்டு)

ஈரப் பலகையை வாங்கிய வாரமே அடிக்கச் சொன்னது யார் சார்? ஒரு இன்ச் பலகை என்றால், இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்கி ஏறக்குறைய ஒரு வருடம் காய வேண்டும். அப்புறம் பலகையை நிறுத்திவைத்து நடுவில் மட்டும் ஆணி அடியுங்கள். இரண்டு ஓரத்தையும் ஆணியால் பிடித்தால் சுருங்க இடமின்றி நடுவில் பிளக்கும். இரு பலகைக்கு நடுவே உள்ள சந்தின் மேல் அடிக்கும் ரீப்பரின் (மெல்லிய மரச்சட்டம்) ஆணி, பலகையில் படாமல் சந்து வழியே பின்னால் உள்ள சட்டத்தில் இறங்கட்டும். பலகையின் அடி விளிம்பும் தரையைத் தொடக் கூடாது. தூணுக்குச் சொன்னதுதான்.

கரையானுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசலாமா? (பொன்னமராவதி)

பூசலாம். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். மாடு நக்கும் உயரத்தில் வேண்டாம்.

இடித்த வீட்டுத் தேக்கு காரைக்குடியில் கிடைக்கிறது. வாங்கலாமா? (புதுவயல்)

தொழுவத்துக்குத் தேக்கு எதற்கு? பணம் இருக்கிறது என்றால் சரி. பழைய துளைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து நீளத்தைக் கணக்கிடுங்கள். அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு ஆணி இருந்தாலும் மில்காரர் ரம்பத்துக்கான காசை உங்களிடம்தான் கேட்பார்.