ஒரு கிலோ கரியில் 3 யூனிட் வராது

கேள்வி: எங்கள் ஆலையில் சூளை ஓடுகிறது, மின்சாரச் செலவும் அதிகம். சாம்பல் 40 சதவீதமும், கிலோவுக்கு 3,500 கிலோகலோரி வெப்பமும் உள்ள மட்டமான நிலக்கரி எங்களுக்குக் கிடைக்கிறது. அதை எரிக்காமல் வாயுவாக்கி இன்ஜினில் விட்டால் 2 மெகாவாட் எடுக்கலாம், கிலோவுக்கு 3 யூனிட் வரும், புகையும் கழிவும் இருக்காது என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அந்த 3 யூனிட் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. உங்கள் கரியின் 3,500-இல் முக்கால் பங்கை எடுத்து 860-ஆல் வகுத்துப் பாருங்கள், 3 வரும். அந்த முக்கால் பங்கு, கரியின் வெப்பத்தில் எவ்வளவு வாயுவுக்குள் போய்ச் சேர்கிறது என்ற கணக்கு. மின்சாரக் கணக்கே அல்ல. அந்த வாயு இன்ஜினில் எரிந்து ஜெனரேட்டரைச் சுற்றும்போது மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். இவ்வளவு சாம்பல் உள்ள கரியில் முக்கால் பங்கும் வாயுவுக்குப் போகாது. 70 சதவீதம் போனாலே நல்ல மெஷின். ஆகக் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. புளோயரும் பம்பும் கரி நொறுக்கும் மெஷினும் எடுத்துக்கொண்டது போக, சுமார் 0.8 யூனிட் கையில் நிற்கும்.

இதே தந்திரத்தை எத்தனையோ கொட்டேஷன்களில் பார்த்துவிட்டேன். 'திறன் 75 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எதன் திறன் என்று எங்கும் இருக்காது.

2 மெகாவாட் என்றால் நாளைக்கு 48,000 யூனிட். அதற்கு 60 டன் கரி வேண்டும். அதில் 24 டன் சாம்பல். வாயுவாக்கினால் சாம்பல் மாயமாகிவிடாது. எரியாத கரித்துண்டுகளையும் சேர்த்துக்கொண்டு அடியில் வந்து விழும். அதைக் கொட்ட இடம் இருக்கிறதா?

வாயுவாக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. குறைந்த காற்றும் நீராவியும் கொடுத்தால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகிறது. கந்தகமும் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவதால், எரிப்பதற்கு முன்பே பிரித்து எடுத்துவிடலாம். பெரிய நிலையங்களின் சுத்தம் முழுக்க இந்தச் சுத்திகரிப்பில்தான் இருக்கிறது. அதற்குத்தான் பெரும்பணமும் போகிறது. உங்கள் ஏஜென்டின் விலை குறைவாக இருந்தால், அவர் விட்டிருப்பது அந்தப் பகுதியாகத்தான் இருக்கும்.

குறிப்பாகத் தார். கரியை வாயுவாக்கும் மெஷினான காஸிஃபையரில், சிறியவற்றில் பெரும்பாலும் கரி மேலிருந்து மெல்ல இறங்கும், வாயு மேலே ஏறும். அந்த வாயு தாரைச் சுமந்துகொண்டே வெளியே வரும். ஒரு கன மீட்டர் வாயுவில் 100 மில்லிகிராமுக்கு மேல் தார் இருந்தால் இன்ஜின் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் தெளித்துக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் பீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த கருப்புத் தண்ணீராகிவிடும். புகைபோக்கியில் ஒன்றும் தெரியாது, ஆனால் விஷம் முழுவதும் தொட்டியில் இருக்கும். குஜராத்தின் மோர்பியில் பீங்கான் ஓடு ஆலைகள் இப்படித்தான் நிலத்தையும் நீரையும் கெடுத்தன; அங்கே நிலக்கரி காஸிஃபையர்களை மூடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. அனுமதி கொடுக்கிறவர்கள் புகைபோக்கியின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் கேட்கிறார்கள். தார்த் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. நிலத்தடி நீர் கெட்ட பிறகு நோட்டீஸ் அனுப்பி என்ன பயன்?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தலாம் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். வாயுவைக் குளிரவைக்காமல், கழுவாமல், சுடச்சுட நேராகச் சூளைக்குள் விட்டால் தார் ஆவியாகவே போய் அங்கே எரிந்துவிடும். கருப்புத் தண்ணீர் பிரச்சினை பெருமளவு ஒழியும், தாரில் இருக்கும் வெப்பமும் வீணாகாது. ஆனால் காஸிஃபையர் சூளைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழாய்க்குள் செங்கல் பூச்சு வேண்டும். குழாய் நீண்டு வாயு ஆறினால் தார் வழியிலேயே படிந்து அடைத்துவிடும். தூசியும் கந்தகமும் சூளைக்குள் வரும் என்பதால், பொருளின் நிறம் கெடக்கூடாத வேலைக்கு இது ஒத்துவராது. நிறம் சற்றுக் கெட்டாலும் பரவாயில்லை என்ற வேலையானால் சூளைக்கு மட்டும் வாயு, மின்சாரம் வழக்கம்போல வெளியிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் யோசிப்பேன்.

'கரியமில வாயு இல்லாத மின்சாரம்' என்று சொன்னாரா? நம்பாதீர்கள். கரியில் இருந்த கார்பன் இன்ஜினில் எரிந்து வெளியேதான் போகும். திறன் குறைந்த சிறிய நிலையத்தில் யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்தால் இன்னும் அதிகமாகப் போகும். பிடித்து வைப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பழுப்பு நிலக்கரிக்காகக் கட்டிய கெம்பர் நிலையம் கரியமில வாயுவில் 65 சதவீதத்தைப் பிடிக்கும் என்றார்கள். செலவு 700 கோடி டாலரைத் தாண்டிய பிறகு, 2017-இல் வாயுவாக்கத்தையே நிறுத்திவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். ஸ்பெயினின் புவெர்டொல்லானோவில் இருந்த வாயுவாக்க மின் நிலையத்துக்கு வந்த உள்ளூர்க் கரியில் உங்கள் கரியைப் போலவே சாம்பல் அதிகம். 335 மெகாவாட் நிலையமே அதைத் தனியாக ஓட்டவில்லை, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் பெட்ரோலியக் கோக்கைச் சரிபாதி கலந்துதான் ஓட்டினார்கள்.

பேச்சைத் தொடர்ந்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் கரியிலேயே லாரி லோடு அனுப்பி, அவர் ஏற்கெனவே ஓட்டும் நிலையத்தில் இரண்டு வாரமாவது நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செயல்விளக்கத்துக்கு நல்ல கரியைப் போட்டுவிட்டு, விற்ற பிறகு உங்கள் கரியைக் குறை சொல்லும் ஆட்கள் நிறைய. அங்கே போனால் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்பக்கம் போய்த் தொட்டியைப் பாருங்கள். பணத்தை, தரும் யூனிட்டையும் தின்னும் கரியையும் உங்கள் மீட்டரில் அளந்த பிறகே தவணையாகக் கொடுக்கும்படி ஒப்பந்தம் போடுங்கள்.

எந்த வழியில் போனாலும், அந்த வாயுவில் கால் பங்குவரை கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய கொட்டகையில் கசிந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடும். கொட்டேஷனில் அதைக் கண்டறியும் அலாரம் எத்தனை, எங்கெங்கே என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.